குழியில் புளித்த தீவனம்

பாரிஸுக்குத் தெற்கே, மணலும் சதுப்பும் மிகுந்து விளைச்சலுக்குப் பேர்போகாத ஸோலோன் பிரதேசத்தில் நிலபுலன்களை வைத்துக்கொண்டிருந்த ஒகுஸ்த் கோஃபார் என்பவருக்கு, கோடையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் மக்காச்சோளத்தைப் பனிக்காலத்து மாட்டுக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதே வெகுகாலம் தீராத விசாரமாக இருந்தது. அந்த ஈரச் சீதோஷ்ணத்தில் தடித்த தட்டையைக் காயவைத்துப் போர் போட்டால் உள்ளே பூஞ்சணம் பூத்துவிடும்.

குழியில் தீவனத்தைப் புதைக்கும் யோசனை அவருக்கே முதலில் உதித்ததென்று சொல்வதற்கில்லை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்துச் சர்க்கரை ஆலை முதலாளி அடோல்ஃப் ரைலன், 1860-களிலேயே பீட் கிழங்கின் தழையையும் சாறு பிழிந்த சக்கையையும் பள்ளத்திலிட்டு மண்மூடிப் பாதுகாத்தவர்; பிறகு மக்காச்சோளத்தையும் அவ்வாறே செய்தார். வீணென்று ஒதுக்கியதைக் காப்பாற்றப் போய்க் கைவந்த வித்தை இது.

கோஃபாரின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. தட்டையைப் பொடிப்பொடியாக நறுக்கி, சிமெண்டு பூசிய தொட்டியில் அடுக்கடுக்காக மிதித்து இறுக்கி, மேலே பலகை பரப்பிப் பாரமேற்றினால்தான் காரியம் சித்திக்கும் என்பதைப் பல வருஷப் பரிசோதனையில் தேர்ந்து, 1877-இல் நூலாகவே எழுதிவிட்டார். இரண்டே வருஷத்தில் அது நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஊறுகாய் ஜாடியில் காற்றுப்படக் கூடாதென்று நம் வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பதன் தாத்பரியம்தான் இதற்கும். எஞ்சிய காற்றைப் பயிரின் உயிரணுக்களே சுவாசித்துத் தீர்த்ததும், லாக்டிக் அமிலக் கிருமிகள் தண்டிலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக்குகின்றன. அந்தப் புளிப்பே அழுகலைத் தடுக்கும் காவல். கதிர் முற்றி அறுத்தபின் நிற்கும் காய்ந்த தட்டையிலோ ஈரமும் சர்க்கரையும் சொற்பம். ஆகையால் தண்ணீர் தெளித்து ஆலைக் கழிவுப்பாகும் சேர்க்கவேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் மேரிலாந்தைச் சேர்ந்த பிரான்ஸிஸ் மாரிஸ் 1876-இல் இம்முறையைக் கையாண்டார். புளித்த தீவனத்தால் பசுவின் பல் உதிரும், வயிறு வெந்துபோகும் என்றெல்லாம் அங்கே பீதி கிளம்பிற்று. சில பால் ஆலைகள் அத்தகைய பசுவின் பாலையே மறுத்தன. சதுரத் தொட்டியின் மூலைகளில் காற்றுத் தங்கித் தீவனம் கெடுவதைக் கண்டு, விஸ்கான்ஸின் பேராசிரியர் எஃப். எச். கிங் வட்டக் கோபுரங்களை எழுப்பச் சொன்னார். பின்லாந்தின் விர்த்தனேன், புளிப்பு தானாக ஏறும்வரை காத்திராமல் அமிலத்தையே பசுந்தீவனத்தில் தெளிக்கும் முறையைக் கண்டார். அவருக்கு 1945-ஆம் வருஷத்து ரசாயன நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவே பிரதான காரணம்.

பழைய பீதி முழுக்க மூடத்தனமுமன்று. பக்குவம் தவறிய குழியில் பெருகும் பியூட்ரிக் அமிலக் கிருமியின் வித்துகள் பாலில் கலந்துவிட்டால், மாதக்கணக்கில் பழுக்கும் பாலாடைக்கட்டி உள்ளே வாயு உப்பி வெடிக்கும். ஆகவே சுவிட்ஸர்லாந்தில் மரபு வழுவாத எம்மெண்டாலர் கட்டிக்கு, இப்படிப் புளிக்கவைத்த தீவனம் தின்னாத பசுவின் பாலையே இன்றும் எடுக்கிறார்கள்.