மந்தைவெளியும் வெளிமானும்

மாமல்லபுரத்துக்குச் சென்ற அன்பர்கள் கிருஷ்ண மண்டபத்தைக் கண்டிருப்பீர்கள். பாலைக் கறக்கும் ஆயனும், தன் கன்றை நக்கும் பசுவும் அங்கே பாறையில் உயிர்பெற்று நிற்கின்றன. சற்று அப்பால், பெருந்தவச் சிற்பத்தில், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானொன்று அமர்ந்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் ஆவையும் மானையும் ஒருங்கே அறிந்தவர்கள். ஆவும் மானும் ஒரே நிலத்தில் வாழ முடியுமா என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய வினா.

கருமையும் வெண்மையும் கலந்த உடலும் முறுக்கிய கொம்பும் உடைய மானை நம் முன்னோர் வெளிமான் என்றனர். பெயரிலேயே அதன் இயல்பு அடங்கியுள்ளது. பகையைத் தொலைவிலேயே கண்டு ஓடிப் பிழைப்பதால், அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். ஆட்காட்டிப் பறவையும் வெட்டவெளித் தரையிலேதான் முட்டையிடுகிறது. அளவோடு மேயும் கால்நடை புல்லைக் குட்டையாக வைத்து, இவ்வுயிர்களுக்கு உதவுவதும் உண்டு. ஆனால் மந்தை மிகுந்தால் புல்லின் வேரும் அழியும். மானுக்குரிய உணவு மாட்டின் வயிற்றுக்குப் போகும். ஆகவே, தீங்கு மேய்ச்சலில் இல்லை. அளவு மீறுவதில் இருக்கிறது.

மற்றொரு தீங்கு நாமே வரவழைத்தது. விறகுக்காக அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1870-களில் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் இன்று நம் ஏரிக்கரைகளையும் புறம்போக்குகளையும் கவர்ந்துவிட்டது. அதன் இனிய காயை ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். விதையோ செரிக்காமல் சாணத்தோடு வெளிவந்து, எருவோடு முளைக்கும். மந்தை போகுமிடமெல்லாம் முள்ளும் போகிறது. முள் அடர்ந்தால் புல் ஒழியும். புல் ஒழிந்தால் மந்தைக்கும் இரையில்லை, மானுக்கும் இடமில்லை.

இதனைக் கோடியக்கரையில் காணலாம். வெளிமானைக் காப்பதற்கென்றே 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட அந்நிலத்தில் சீமைக் கருவேலம் புகுந்தது. காட்டில் திரியும் குதிரைகளும் மாடுகளும் புல்லுக்குப் போட்டியிட்டதோடு விதையையும் பரப்பின. செங்கற்பட்டுச் சீமைக்கு அண்மையிலுள்ள கிண்டி 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே வெளிமான்கள் பெரிதும் நாடுவது போலோ மைதானம் என்னும் திறந்த வெளியையே; மரமும் புதரும் செறிந்த பகுதிகளில் புள்ளிமான்களே மிகுதி. வேலியிட்டால் மட்டும் போதாது. வெளி வெளியாகவே இருக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

அயல் தாவரங்களை அகற்றுவதற்குத் தமிழக அரசு 2022-இல் கொள்கை வகுத்தது. ஆயினும் வெட்டிய முள் மீண்டும் அடியிலிருந்து தழைக்கும். வேரோடு களைந்து, அங்கே நம் நாட்டுப் புல்லை வளர்த்து, சில காலம் மந்தையை விலக்கிக் காத்தாலன்றிப் பயனில்லை. அதற்கு ஊராரின் ஒப்புதல் வேண்டும். ஊரார் ஒப்பினால் என்ன ஆகும் என்பதற்கு வேடந்தாங்கல் சான்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்த உழவர்கள் தாமே பறவைகளைக் காத்தனர். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவ்வுரிமையை ஏற்றுக்கொண்டார்.

பறவைக்கு ஏரியை விட்டுக்கொடுத்த அதே அறிவு, மானுக்கும் மாட்டுக்கும் முறைவைத்துப் புல்லைப் பகிர்ந்தளிக்கட்டும். மந்தைவெளி என்ற சொல் தெருப்பெயராக மட்டும் எஞ்சிவிடாமல் காப்பது நம் கடமை.