ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடிய கற்கள்

'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்ற பழமொழியின் ஊர் விருத்தாசலம். திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது நாமனைவரும் அறிந்த வரலாறு. அதே மண்ணின் வேறொரு செல்வத்தைத் தேட நாம் செல்ல வேண்டிய குளம் இலண்டனில் இருக்கிறது.

1840களின் தொடக்கத்தில் சென்னை மாகாண ஆட்சிப்பணியிலிருந்த கே, கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லாய்ச் சமைந்த கடலுயிர்களைத் திரட்டி இலண்டன் புவியியல் கழகத்துக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து வெளியிட்டார். அத்தொகுப்பில் தலைமையானவை அம்மோனைட்டுகள். ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுத்துக்கொண்டு வாழ்ந்த இவை கணவாயின் உறவினங்கள். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களின் காலத்தோடு மறைந்தன.

ஃபோர்ப்ஸ் சூட்டிய பெயர்களைப் பாருங்கள்: பிரம்மா, விஷ்ணு, இந்திரா, வருணா, சூர்யா. கொம்புடைய எகிப்தியக் கடவுள் அம்மோனால் பெயர்பெற்ற உயிரினத்துக்கு நம் தேவர்கள் அனைவரும் உறவாகிவிட்டனர்! கண்டகி ஆற்றின் அம்மோனைட்டைச் சாளக்கிராமமாக வைணவர் வழிபட்டுவருவதை நினைத்தால் இது அத்தனை பொருந்தாததும் அன்று. 'இந்திரா' என்ற இனம் பின்னர் தென்னாப்பிரிக்கா, ஜப்பான், அண்டார்க்டிகா எனப் பல கரைகளிலும் கிடைத்தது. எங்கே கிடைத்தாலும் அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மூலக்கல் நம் நிலத்துக் கல்தான்.

ஃபோர்ப்ஸ் புதுவைப் படிவுகளை மிகப் பழமையானவை என்றும், விருத்தாசலத்தையும் திருச்சியையும் அவற்றுக்கு இளையவை என்றும் கருதினார். பழமலை என்றே பெயர்கொண்ட ஊருக்கு இப்படியொரு தீர்ப்பு. நல்வாய்ப்பாக, பின்வந்தோர், குறிப்பாக 1890களில் வியன்னாவின் கோஸ்மாட், புதுவைப் படிவுகள் கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்று நிறுவினர். இடையில் பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். ஸ்டோலிஸ்கா 1860களில் அம்மோனைட்டுகளைப் பெருநூலாகவே எழுதினார். ஊட்டத்தூரின் பெயர் 'உடாடூரிசெரஸ்' என்ற பேரினத்துக்குள் இன்றும் ஒளிந்திருக்கிறது. தமிழாசிரியனுக்கு இதைவிட இனிய சொல்லாராய்ச்சி ஏது?

ஃபோர்ப்ஸின் கற்கள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஸ்டோலிஸ்காவினுடையவை கொல்கத்தாவில். ஓர் இனத்துக்குப் பெயரிட ஆதாரமான மாதிரிக்கு அறிவியலில் தனி மதிப்பு உண்டு. பின்னால் ஆயிரம் கிடைத்தாலும் ஐயம் தீர்க்கும் கல் அது ஒன்றே. ஆகவே 'பிரம்மா'வை ஐயமறப் பார்க்க விரும்பும் அரியலூர் மாணவனுக்குக் கடல் கடந்த பயணம் தேவைப்படுகிறது.

கொள்ளை என்று இதைச் சொல்லிவிடத் தோன்றும். நாம் அவ்வாறு சொல்லத் தயங்குகிறோம். அங்கே போனவை சீட்டொட்டிப் பெட்டியில் இருக்கின்றன. இங்கே எஞ்சிய சுண்ணாம்புப் பாறை சூளைக்கும் சிமெண்ட் ஆலைக்கும் போயிற்று. அதனோடு எத்தனை தேவர்கள் வெந்தனர் என்பதற்குக் கணக்கில்லை. அண்மைக்காலத்தில் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் அமைந்தது பெரிய ஆறுதல். விருத்தாசலத்திலோ இப்பாறைகள் வெளித்தெரியும் பரப்பே சிறிது. எஞ்சியதைக் கடலூர் மணற்கல்லும் வண்டலும் மூடியிருக்கின்றன.

ஊரின் இன்றைய புகழ் செராமிக். அகல்விளக்கு, பொம்மை, பியூஸ் கேரியர் என எதுவாயினும் அச்சுக்குத்தான் இங்கே முதலிடம். பொம்மைக்கு மண்கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்சும். கூழ் இறுகியதும் அச்சைப் பிரிப்பர். அம்மோனைட்டுகளில் பல உருவானதும் ஏறக்குறைய இம்முறையில்தான். இறந்த உயிரின் ஓட்டுக்குள் கடற்சேறு புகுந்து இறுகியது. ஓடு பின்னர் கரைந்து போயிற்று. உள்ளிருந்த வார்ப்பு நின்றது.

மூலக்கற்களை இலண்டன் அனுப்பாது, அனுப்பவும் வேண்டாம். அவற்றின் அளவும் வடிவும் பிசகாத அச்சுகளைக் கேட்டு வாங்கலாம். அவை வந்து சேர்ந்தால் பிரம்மாவையும் விஷ்ணுவையும் வார்த்தெடுக்கத் தெரிந்த கைகள் மணிமுத்தாற்றங்கரையிலேயே இருக்கின்றன.