கடல் கடந்த கல்வித் தோழமை

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1885ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆம் திகதி எடுக்கப்பெற்ற புகைப்படம் ஒன்றுண்டு. அதிலே மூன்று பெண்கள் காணப்படுகின்றனர். சேலையுடுத்தவர் மராட்டிய நாட்டு ஆனந்திபாய் ஜோஷி. கிமோனோ அணிந்தவர் யப்பானியராகிய கெய் ஒகாமி. அணிகலன்கள் பூண்டவர், நாம் வேதபாட வகுப்பிற் பெயர் கேட்ட தமஸ்கு நகரிலிருந்து சென்ற ஸபாத் இஸ்லாம்பூலி. மொழியாலும் உடையாலும் உணவாலும் வேறுபட்ட இம்மூவரையும் ஓரிடத்திற் கூட்டியது வைத்தியக் கல்வியில் அவர்களுக்கிருந்த வேட்கையேயாம். பெண்களுக்கென்றே 1850இல் தோன்றிய பென்சில்வேனியா மாதர் வைத்தியக் கல்லூரியின் மாணவிகள் அவர்கள்.

இவர்களுள் ஆனந்திபாயின் வரலாறே நம் நெஞ்சை விட்டு அகலாதது. 1865இற் பிறந்த அவருக்கு ஒன்பது வயதில் விவாகம் நடந்தது. பதினான்கு வயதிற் பெற்ற மகவு பத்தே நாளில் இறந்தது. தக்க வைத்திய உதவி கிடைத்திருந்தால் அது பிழைத்திருக்குமே என்ற ஏக்கம் அவரை வைத்தியம் பயிலத் தூண்டிற்று. தபாற் கந்தோரில் உத்தியோகம் பார்த்த கணவர் கோபாலராவ், அமெரிக்க மிஷனரி ஒருவருக்கு உதவி வேண்டி எழுதினார். மதம் மாறினால் உதவலாம் என்ற கருத்திலேயே மறுமொழி வந்தது. அக்கடிதப் போக்குவரத்து ஒரு மிஷன் சஞ்சிகையில் வெளியாயிற்று.

நியூ ஜேர்சியைச் சேர்ந்த தியோடிசியா கார்ப்பென்டர் என்னும் மாது, 1880இல் பல் வைத்தியரிடம் காத்திருந்த வேளையில், அச்சஞ்சிகையைப் புரட்டினார். முகமறியாத அப்பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். தம் வீட்டில் இடந்தரவும் முன்வந்தார். தாம் கிறிஸ்தவராயிருந்தும் அதற்கு மதமாற்றத்தை விலையாகக் கேட்டாரல்லர். மூன்றாண்டுகள் கடிதங்கள் கடல் கடந்தன. "இந்துவாகவே செல்வேன், இந்துவாகவே திரும்புவேன்" என்னும் உறுதியைச் சீராம்பூரிற் சபையறியக் கூறிவிட்டு, 1883இல் ஆனந்திபாய் கப்பலேறினார். அப்போது வயது பதினெட்டு. நியூயோர்க்கில் அவரை எதிர்கொண்டழைத்தவர் கார்ப்பென்டர் அம்மையாரே.

நாமும் மிஷன் பாடசாலையிற் கற்றவர்களே. நல்லூர்த் தேரன்று நாம் வகுப்புக்குச் செல்லாதபோது, நமக்காகவும் சேர்த்துக் குறிப்பெழுதி வைத்த கிறிஸ்தவத் தோழி ஒருத்தியிருந்தாள். நத்தாருக்கு அவள் வீட்டார் நமக்கென்று தனியாக மரக்கறிச் சோறு சமைப்பர். ஆதலால் இவ்வரலாறு நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

கடுங்குளிரிலும் ஆனந்திபாய் சேலையையும் மரக்கறி உணவையும் விடவில்லை. உடல் நலிந்தது, படிப்பு நிற்கவில்லை. 1886 மார்ச் 11இல், இருபத்தொரு வயது நிரம்புமுன், வைத்தியப் பட்டம் பெற்றார். பண்டித ரமாபாய் அவ்விழாவுக்கு வந்திருந்தார். ஒகாமி 1889இலும் இஸ்லாம்பூலி 1890இலும் அதே கல்லூரியிற் பட்டம் பெற்றனர். ஒகாமியின் வகுப்பில் முதலிடம் பெற்றவர் ஒமாகா என்னும் செவ்விந்தியக் குலத்துச் சூசன் லா பிளெஷ். எத்தகைய வகுப்பு அது! ஆயினும் யப்பான் திரும்பிய ஒகாமி, பெண்ணென்பதால் மன்னர் தம்மை வைத்தியம் பார்க்க ஒப்பாமையால், பணியாற்றிய ஆசுபத்திரியை விட்டு விலகினார். பட்டம் கிடைத்துவிட்டால் வழி திறந்துவிடும் என எண்ணுவோர் இதையும் அறிந்திருத்தல் நன்று.

கோலாப்பூர் ஆசுபத்திரியில் மாதர் பகுதிப் பொறுப்பு ஆனந்திபாய்க்குக் காத்திருந்தது. அப்பதவியை ஏற்க அவருக்கு ஆயுள் இடந்தரவில்லை. காசநோயுற்றுத் தாயகம் மீண்டவர் 1887 பெப்ரவரி 26இற் பூனாவிற் காலமானார்.

அன்னாரின் அஸ்தி கார்ப்பென்டர் அம்மையாருக்கு அனுப்பப்பட்டது. அவர் அதனை நியூயோர்க் மாநிலத்துப் பொக்கீப்சி நகரில், தம் குடும்பத்தார் துயிலும் நிலத்திலேயே அடக்கஞ் செய்தார். கல்வி கற்கக் கடல் கடந்த பிராமணப் பெண் என அங்குள்ள கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கிறது.