காகங்கள் முதலில் சொன்ன செய்தி



காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் வீட்டில் வளர்ந்தவன் நான். அதனாலோ என்னவோ, 1999-இல் நியூயார்க்கில் காகங்கள் செத்து விழுந்த கதை என் மனதை விட்டுப் போகவில்லை. வகுப்பில் மன்னர்களையும் போர்களையும் நடத்தவே நேரம் சரியாக இருந்தது. இதை இன்று சொல்கிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் நகரின் குயின்ஸ் பகுதியில் முதியவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். டாக்டர் டெபோரா ஆஸ்னிஸ் சந்தேகப்பட்டு நகரச் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னார். பரிசோதனைக்குப் பிறகு செப்டம்பர் 3 அன்று, அது 'செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல்' என்று அறிவித்தார்கள். கொசுவால் பரவும் நோய். ஊரெங்கும் கொசு மருந்து அடித்தார்கள்.

அதே நாட்களில் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவைச் சுற்றிக் காகங்கள் செத்துக் கிடந்தன. பிறகு பூங்காவுக்குள்ளேயே பூநாரைகளும் வேறு பறவைகளும் இறந்தன. அங்கே நோயியல் பிரிவின் தலைவராக இருந்த கால்நடை மருத்துவர் டிரேசி மெக்நமாரா இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தார். மூளையில் இரத்தக் கசிவு, இதயத்தில் பாதிப்பு.

அவர் யோசித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. செத்தவற்றை மட்டும் அவர் பார்க்கவில்லை, பிழைத்திருந்தவற்றையும் பார்த்தார். பூங்காவின் கோழிகள் நன்றாக இருந்தன. அப்படியானால் இது கோழிகளைக் கொல்லும் ராணிக்கெட் நோயோ பறவைக் காய்ச்சலோ இல்லை. ஈமு கோழிகளும் நலமாக இருந்தன. அவற்றை எளிதில் கொல்லும் இன்னொரு மூளைக்காய்ச்சலும் இல்லை. செயின்ட் லூயிஸ் கிருமியோ பறவைகளின் உடலில் இருக்கும். ஆனால் அவற்றைக் கொல்வதில்லை. மனிதர்களும் பறவைகளும் ஒரே நேரத்தில், ஒரே ஊரில், மூளை பாதித்துச் சாகிறார்கள் என்றால் அறிவிப்பில் ஏதோ தவறு இருக்க வேண்டும்.

நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொன்னார். மனித நோய் வேறு, பறவைச் சாவு வேறு என்று முதலில் ஒதுக்கிவிட்டார்கள். அவர் விடவில்லை. அயோவாவில் உள்ள கால்நடை ஆய்வகத்துக்கும், பிறகு ராணுவ ஆய்வகத்துக்கும் மாதிரிகளை அனுப்பினார். செப்டம்பர் கடைசியில் உண்மை வெளியானது. அது வெஸ்ட் நைல் வைரஸ். 1937-இல் உகாண்டாவில் கண்டறியப்பட்டது; அமெரிக்கக் கண்டத்தில் அதுவரை யாரும் பார்த்திராதது. செயின்ட் லூயிஸ் கிருமிக்கு நெருங்கிய உறவு என்பதால்தான் முதல் பரிசோதனை ஏமாற்றியது.

இரண்டும் கொசுவால் பரவுபவை. அதனால் அடித்த மருந்து வீண் போகவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு நியூயார்க் வட்டாரத்தில் 62 பேர் கடுமையாக நோயுற்றார்கள். 7 பேர் இறந்தார்கள். சில ஆண்டுகளில் நோய் மேற்குக் கடற்கரை வரை போய்விட்டது. அதன்பின் செத்த காகத்தைக் கண்டால் சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள் என்று அரசே மக்களைக் கேட்டுக்கொண்டது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. "அது நம்ம பாடத்துல இல்லப்பா, உட்காரு" என்று நானும் சில கேள்விகளை உட்கார வைத்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் கேள்வியைக் கீழே எழுதுங்கள். இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.