சாவா மூவா பில்

பூசலாரிடம் காசு இல்லை. பெரியபுராணக் கதையில் எனக்கு முதலில் உறைக்கிற விஷயம் இதுதான். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டுத் திருநின்றவூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பொருள் தேடி அலைகிறார், ஒன்றும் தேறவில்லை. சரி என்று மனசுக்குள்ளேயே கல், மரம், தச்சர் எல்லாம் சேர்த்து, நாள் பார்த்து அடித்தளம் போட்டு, குடமுழுக்கு வரை வந்துவிடுகிறார். அதே நாளில் காஞ்சியில் கற்கோயில் கட்டி முடித்திருந்த காடவர்கோன் கனவில் சிவன் வந்து, உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள் என்கிறார். அரசன் திருநின்றவூருக்கு வந்து, எங்கே அந்தக் கோயில் என்று தேடுகிறான். இருதயாலீஸ்வரர் கோயில் இந்தக் கதையைத்தான் இன்றும் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

பக்திக்கு இது உதாரணம். எங்கள் மாமாவின் பட்டறையில் இதற்கு வேறு பொழிப்புரை: "கையில மொதல் இல்லாதவன் மனசுலதான்டா கட்டணும்."

மாமா நகராட்சிகளுக்குப் பொருள் விற்றவர். குப்பை அள்ளும் தள்ளுவண்டி, தெருப்பெயர்ப் பலகை, விளக்குக் கம்பத்துக்கு பிராக்கெட், சாக்கடை மூடிக்கு இரும்புச் சட்டம். ஆவடியிலிருந்து காக்களூர், திருமழிசை, கும்மிடிப்பூண்டி வரைக்கும் இப்படிப்பட்ட சின்னப் பட்டறைகள் நிறைய. யோசித்துப் பார்த்தால் இந்த வட்டாரமே சென்னைக்கு விற்கிற வட்டாரம்தான். புழலிலிருந்து தண்ணீர், சூளைகளிலிருந்து செங்கல், ஆற்றிலிருந்து மணல் என்று எல்லாம் இங்கிருந்துதான் போயின. சத்தியமூர்த்தி மேயராக இருந்து முன்னெடுத்த பூண்டி நீர்த்தேக்கம் 1940இல் தொடங்கி 1944இல் முடிந்தது. அதுவும் நகரத்தின் தாகத்துக்காக இந்த மாவட்டத்தில் கட்டப்பட்டதே. இரும்புச் சாமான் அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது.

பள்ளி விடுமுறைகளில் நான் மாமாவுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பேன். அந்தக் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் முடியாமல் அடுத்த வருட நோட்டுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். 'வர வேண்டியது' என்று தலைப்பு. பின்னாளில் வரலாறு படிக்கப் போனபோது இந்தப் பக்கம்தான் கூடவே வந்தது. அரசாங்கத்துக்கு ஒருவன் பொருள் விற்கும்போது யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள்? இது எப்போதுமே இப்படித்தான் இருந்ததா?

இந்த மாதிரி கேள்வி வந்தால் உடனே உத்திரமேரூர் குடவோலைக்கு ஓடுவது நம் வழக்கம். நான் தஞ்சாவூருக்குப் போகிறேன், கோயிலில் எரிந்த விளக்குக்காக. ஒரு நந்தா விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். கோயில் நிர்வாகம் நெய்யை எப்படிக் கொள்முதல் செய்தது? இடையரிடம் 96 ஆடுகளை முதலில் ஒப்படைத்துவிட்டது. ஆட்டுக்குப் பதில் பசு என்றால் 48, எருமை என்றால் 16. அந்த முதலை வைத்துக்கொண்டு அவர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை 96 குறையவே கூடாது. அதனால்தான் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். திருவொற்றியூர் போன்ற நம் பக்கத்துக் கோயில்களில் விளக்குக்கு 90 ஆடு என்று வரும்.

வாழைப்பழம் இதைவிடச் சுவாரசியம். பெரிய கோயிலின் பரிவாராலயத்துப் பிள்ளையாருக்குத் தினம் 150 பழம். ராஜராஜன் 360 காசை நகரத்து வணிகர்களிடம் கொடுத்து வைத்தான். வட்டி, காசுக்கு வருடம் எட்டில் ஒரு பங்கு. ஆக 45 காசு. அன்றைய விலை ஒரு காசுக்கு 1,200 பழம். 45ஐ 1,200ஆல் பெருக்கினால் 54,000. 360 நாளால் வகுத்தால் நாளுக்குச் சரியாக 150. வணிகர் முதலைத் தன் வியாபாரத்தில் ஓட்டிக்கொள்ளலாம், வட்டியைப் பழமாக அளந்தால் போதும். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இந்தக் கணக்கை நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்த அன்று மாமாவிடம் சொன்னேன். "கோயிலு கடனும் குடுத்து ஆர்டரும் குடுத்துச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று அந்த இடையர் சுலபத்தில் போய்விட முடியாது. உறவினர்கள் பெயரும் பொறுப்பாளிகளாகக் கல்லில் ஏறியிருக்கிறது. சாகாத ஆடு என்றால் சாகாத கடமையும்தான்.

முன்பணத்தின் இந்த இன்னொரு முகம் கம்பெனிக் காலத்தில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சென்னைப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி துணி வாங்கியது கடைக்குப் போய் அல்ல. 1680இல் இறந்த காசி வீரண்ணா போன்ற தலைமை வணிகர்களுடன் ஒப்பந்தம், அவர்கள் வழியாக நெசவாளருக்கு முன்பணம். நூல் வாங்கவும் நெய்து முடிக்கும்வரை சாப்பிடவும் நெசவாளரிடம் முதல் கிடையாது என்பது வாங்குபவருக்குத் தெரியும். அதனால் பணம் முதலில், துணி பிறகு. ஆனால் துணி தரமில்லை என்று கழித்துவிட்டால் முன்பணம் கடனாகிவிடும், கடன்பட்டவர் வேறு ஆளுக்கு விற்க முடியாது. கயிறு வாங்குபவர் கையில் இருந்தது.

1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி பிறந்தபோது ஆல்டர்மேன்களாக உட்கார்ந்தவர்களில் கம்பெனி ஊழியர்களோடு யூத, போர்த்துகீசிய, உள்ளூர் வணிகர்களும் இருந்தார்கள். வாங்குகிற சபையிலேயே விற்கிறவர்கள்! இன்றைக்கு நினைத்தால் உடம்பு பதறும்.

கொஞ்சம் தூரமாக ஒரு இடம். இத்தாலியில் பொசுவோலி என்ற துறைமுக ஊர், பழைய பெயர் புத்தியோலி. கி.மு. 105இல் அந்த நகராட்சி ஒரு சுவர் கட்டும் வேலைக்குப் போட்ட ஒப்பந்தம் கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. மரத்தின் அளவு, சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் நம் டெண்டர் ஷெட்யூல் மாதிரியே. ஒப்பந்ததாரர் பிளோசியுஸ், தொகை 1,500 செஸ்டர்ஸ். பணம் தரும் விதமும் அதிலேயே இருக்கிறது: நிலத்தைப் பிணையாக எழுதிக் கொடுத்ததும் பாதி, வேலையை முடித்து ஏற்றுக்கொள்ளப்பட்டதும் மீதிப் பாதி. இரண்டு பேருடைய பயத்துக்கும் அதில் இடம் இருக்கிறது. பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவானோ என்ற பயத்துக்குப் பிணை, முதலில்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்ற பயத்துக்குப் பாதி முன்பணம்.

நமக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு பாதி மட்டும்தான் வந்து சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டுப் பொதுப்பணித் துறை அளவுப் புத்தகத்தைக் கொண்டுவந்தது. இன்றும் எல்லோரும் 'எம்-புக்' என்கிறார்கள். செய்து முடித்ததை அளந்து எழுதினால்தான் பணம். அந்தக் காலத்துப் பெரிய ஒப்பந்ததாரருக்குச் சொந்தப் பணமோ லேவாதேவிக்காரர் தொடர்போ இருந்ததால் காத்திருப்பது அவருக்குப் பெரிய பிரச்சினை இல்லை. அரசின் சந்தேகம் முழுவதும் ஒரே திசையில் போனது: பொருள் வராமல் பணம் போய்விடக் கூடாது, போகிற பணம் வேண்டிய ஆளுக்குப் போய்விடக் கூடாது.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சென்னை மாநகராட்சியில் இல்லாத தொழிலாளர் பெயரில் கூலி எடுத்த மஸ்டர் ரோல் ஊழல் வெடித்து, 1973 டிசம்பரில் மன்றமே கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான். ஒரு தலைமுறைக்கும் மேலாக இந்த நகரத்துக்குக் கவுன்சிலர் என்பவரே கிடையாது.

பிறகு 1998இல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. இதற்கென்று தனிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் நாம். 2000இல் விதிகள். டெண்டரை இதழில் வெளியிட வேண்டும். 2 கோடி ரூபாய் வரை என்றால் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள். எல்லோர் முன்னாலும் திறக்க வேண்டும், நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும். இதை நான் சின்ன விஷயமாகச் சொல்லவில்லை. டெண்டர் பெட்டியை நாலு பேர் மறித்துக்கொண்டு நின்ற காலத்தை மாமா பார்த்திருக்கிறார். கவுன்சிலர் யார் பெயரும் தெரியாமல் அவருக்கு முதல் ஆர்டர் கிடைத்தது இந்தச் சட்டத்தால்தான். ஆன்லைன் டெண்டர் வந்தபின் பெட்டியை மறிக்கவும் வழியில்லை.

ஆனால் ஒப்பந்தம் முடிவானதோடு சட்டத்தின் அக்கறையும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம்தான் மாமாவின் அந்தப் பக்கம் தொடங்கும்.

ஒரு நகராட்சிக்கு (பெயர் வேண்டாம்) தள்ளுவண்டி கொடுத்தார். வண்டி இறங்கிய நாளே ஸ்டோரில் எழுதியாகிவிட்டது. பில் ஒவ்வொரு மேசையாக நகர்ந்தது. ஒரு மேசையில் டெஸ்ட் சர்ட்டிபிகேட் கேட்டார்கள், இன்னொன்றில் பொறியாளர் மாற்றலாகிப் போயிருந்தார், ஆடிட்டில் ஒரு கேள்வி, கடைசியில் கணக்குப் பிரிவு. "ஃபண்டு இல்ல அண்ணே, மார்ச்சு முடியட்டும்." மார்ச் முடிந்தால் புது பட்ஜெட், பழைய பில் பழைய பாக்கி. இதற்குள் தெருவில் அந்த வண்டியின் சக்கரம் தேய்ந்துவிட்டது. "வண்டிக்கு வயசாகுது, பில்லுக்கு மட்டும் வயசே ஆகல" என்றார் மாமா. சாவா மூவாப் பேராடு பற்றிச் சொன்னது ஞாபகம் வந்து நானும் சிரித்தேன்.

நடுவில் செலவு நிற்காது. தகடு வாங்கின கடைக்குக் காசு, வெல்டருக்கு வாரக்கூலி, வங்கி ஓ.டி.க்கு வட்டி. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின் இன்னொன்று சேர்ந்தது. இன்வாய்ஸ் போட்டுவிட்டால் நகராட்சி பணம் கொடுத்ததோ இல்லையோ வரி கட்டியாக வேண்டும், பெரும்பாலும் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள். அதாவது ஓர் அரசாங்கம் தராத பணத்துக்கு இன்னோர் அரசாங்கத்துக்கு வரி, அதுவும் கைக்காசிலிருந்து. பிணைத்தொகை வேறு அங்கேயே முடங்கிக் கிடக்கும். 96 ஆடும் இப்போது இடையருடையது. நெய்யும் அவர்தான் அளக்க வேண்டும்.

இதில் நகரத்துக்கு லாபம் என்று நினைக்க வேண்டாம். அனுபவப்பட்டவர்கள் காத்திருக்கப் போகும் மாதங்களின் வட்டியை விலையிலேயே ஏற்றிப் போடுவார்கள். ஏற்றாதவர் மிகக் குறைந்த விலைக்காரராக ஜெயித்து, தகட்டின் கனத்தைக் குறைப்பார். இரண்டும் முடியாதவர் விலகிவிடுவார். மிச்சம் இருப்பது ஆழமான பாக்கெட்டும் கணக்குப் பிரிவில் ஆளும் உள்ளவர்கள். வாசலில் அத்தனை பாடுபட்டு வெளியேற்றிய ஆசாமி, பின்கட்டு வழியாக உள்ளே வந்துவிடுகிறார்.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. தாமதமான பணத்துக்கு வட்டி என்று 1993லேயே ஒரு மத்தியச் சட்டம். 2006இன் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டம் இன்னும் கறார்: அதிகபட்சம் 45 நாள், தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. வாங்கியவர் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். புகார் கொடுக்க 2017இல் 'சமாதான்' என்ற இணையதளமும் வந்தது. மாமாவுக்கு எல்லாம் தெரியும். புகார் கொடுக்கவில்லை. அடுத்த வருடமும் அதே ஆபீசுக்குத்தானே போக வேண்டும்? தனக்குச் சோறு போடுகிறவர்மேல் கேஸ் போடும் உரிமையைத்தான் இந்தச் சட்டம் கொடுத்திருக்கிறது.

இது நம் நாட்டு நோய் மட்டும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல், அரசு அமைப்புகள் பொதுவாக 30 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று ஆணை போட்டது. அதைக் காப்பாற்றவில்லை என்று 2020 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு நாட்டின் மீது தீர்ப்புச் சொன்னது. அந்த நாடு இத்தாலி. பிளோசியுஸுக்குப் பாதிப் பணம் முன்னாலேயே கொடுக்க ஒப்புக்கொண்ட அதே மண்.

திருநின்றவூர் 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியானது. ஆவடி 2019லேயே மாநகராட்சி. ஆக வாங்குகிறவர் இப்போது வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். மாமா ஒதுங்கிவிட்டார், பட்டறையில் கார் உதிரிபாக ஜாப் வேலை மட்டும் ஓடுகிறது. டெண்டர் போடலாமா என்று கேட்டு வரும் பையன்களிடம் அவர் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. "போன வருஷம் குடுத்தவனுக்கு எப்போ காசு வந்துச்சுன்னு மொதல்ல விசாரி" என்பார்.

விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் என் குறை. யார் எவ்வளவு விலை போட்டார், யார் ஜெயித்தார் என்று வெளியிடுகிற அதே இடத்தில், பில் வந்த தேதி, பணம் போன தேதி என்று இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டால் என்ன? மாமாவிடம் சொன்னேன்.

"அந்தத் தேதிய யார்றா டைப் பண்ணுவா? பில்லப் புடிச்சு வெச்சிருக்கற அதே செக்‌ஷன்தானே?"

யாரும் டைப் பண்ண வேண்டாம் மாமா. பணம் இப்போது வங்கி வழியாகத்தான் போகிறது. போன தேதி ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது.