கூலி, லேபரர், ஒர்க்கர்

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஆங்கில அகராதியோடு வந்து, “சார், கூலி, லேபரர், ஒர்க்கர் மூணும் ஒண்ணுதானே?” என்று கேட்டான். மூன்றுக்கும் ‘வேலை செய்பவன்’ என்றே எழுதி வைத்திருந்தான். சோதனைக்கு அது போதும். தெமியாங் தோட்டத்துப் பிள்ளைக்குப் போதுமா?

பெற்றோர்களே, தமிழில் கூலி என்பது ஆள் அல்ல. பாடுபட்டதற்குக் கிடைக்கும் காசு. திருவள்ளுவரும் உழைப்பின் பயன் என்ற பொருளில்தான் அச்சொல்லை ஆள்கிறார். வெள்ளைக்காரர் வாயில் புகுந்த பிறகுதான் காசு கழன்று, ஆளுக்கே அது பெயராயிற்று. (குஜராத்திலுள்ள கோலி மக்களின் பெயரே இதற்கு மூலம் என்பாரும் உளர்.) மலாயாவில் 1910-இல் ஒப்பந்த முறையை நிறுத்தினார்கள், சொல்லை நிறுத்தவில்லை. கங்காணி கூட்டி வந்தவர்களும் கூலிகளே, அவர்கள் குடியிருந்ததும் கூலி லயமே.

லேபரர் என்பது சட்டத்தின் சொல். ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1923-இல் வந்த சட்டத்தின் பெயரே லேபர் கோட். அதில் ஏச்சு இல்லை, உண்மைதான். ஆனால் அதன் லத்தீன் வேருக்குப் பாடு, வருத்தம் என்று பொருள். உடம்பின் வலுவைச் சொல்லும்; கையின் திறனைச் சொல்லாது. 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்தபோதும், தோட்டத்துக்கு வருவோரை ‘அன்ஸ்கில்டு’, அதாவது திறன் பழகாதவர், என்ற வகையிலேயே சேர்த்தார்கள். பால்மரம் வெட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கத்தி மயிரிழை ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் இல்லை. விடியுமுன் இருட்டில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த அளவு தப்பாமல் வெட்டுவது திறனில்லாத வேலையாம்!

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. சம்பள உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கூலி என்ற சொல்லுக்குள் இருந்த பொருளை அகராதியை விட இந்தக் கோரிக்கை நன்றாக விளக்குகிறது.

1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது அதன் ஆங்கிலப் பெயரில் ‘ஒர்க்கர்ஸ்’ என்று வைத்தார்கள். டாக்டர் செய்வதும் ‘ஒர்க்’, வாத்தியார் செய்வதும் ‘ஒர்க்’. இந்தச் சொல்லில் மேல் கீழ் குறைவு. நம் தொழிலாளி இன்னும் ஒரு படி மேல்: தொழிலை ஆள்பவர்.

இதை வகுப்பில் சொன்ன மறுநாள் அந்த மாணவன் தன் பாட்டியிடம் கேட்டு வந்தான். “பெரட்டுல எங்களைப் பேர் சொல்லியா கூப்புட்டாங்க? கூலின்னுதான். நாங்களும் திரும்பிப் பாப்போம்” என்றாராம்.