பிஷப் கல்லூரி, சிப்பூர் (ஹவுரா)

பிஷப் கல்லூரி, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுராவைச் சேர்ந்த சிப்பூரில் 1820இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1880 வரை அங்கே இயங்கிய ஆங்கிலிக்கன் திருச்சபைக் கல்லூரி. கல்கத்தாவின் முதல் பேராயர் தாமஸ் ஃபேன்ஷா மிடில்டன் இதை நிறுவினார். பெரிய நோக்கத்தோடு எழும்பிச் சிறிய பலனோடு ஓய்ந்த முயற்சி என்று இதைப் பற்றிச் சொல்லிவிடுவது வழக்கம். மாணவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அந்தக் கணிப்பைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் குருப்பட்டம் யாருக்கு உரியது, எந்தச் சட்டத்தின்படி கொடுக்கலாம், குருமாணவன் என்ன உடுத்த வேண்டும், ஆலயத்தில் யார் யாரோடு அமர வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை தேடுகிறவர் சிப்பூரைத் தவிர்க்க முடியாது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் முழுதாக வந்து இறங்கியதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கும் திருச்சபை ஒழுங்குகள், இந்தியக் கிறிஸ்தவர்கள் கொடுத்த நெருக்கடியால் இங்கேயே மாற்றி எழுதப்பட்டவை. அந்த நெருக்கடியில் கணிசமான பங்கு வங்காளத்துக்கு வெளியே, தஞ்சாவூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தது.

பேராயர், குரு, உதவிக்குரு என்ற மூன்று நிலைப் பணி கிறிஸ்தவத்தின் முதல் சில நூற்றாண்டுகளிலேயே உருப்பெற்றுவிட்டது. குருக்களைத் தனிக் கல்விக்கூடத்தில் பயிற்றுவிக்கும் ஏற்பாடு மிகப் பிந்தியது. கத்தோலிக்கத் திருச்சபை அதை 1563இல் திரெந்துப் பொதுச்சங்கத்தில்தான் சட்டமாக்கியது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு அதுவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பட்டம் பெற்றவர் பேராயர் முன் மண்டியிட்டால் போதும். பேராயர் ஆலயத்தை ஒட்டிய குருத்துவக் கல்லூரி அங்கே முதலில் எழுந்தது சிசெஸ்டரில், 1839இல். அடுத்தது வெல்ஸில், 1840இல். ஆண்டுகளை ஒப்பிட்டாலே விஷயம் விளங்கும். தாய்நாட்டுத் திருச்சபை பின்னால் கைக்கொண்ட ஓர் அமைப்பைச் சிப்பூர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே முயன்று பார்த்தது. பல்கலைக்கழகப் பட்டத்தை நிபந்தனையாக வைத்தால் இந்தியர் ஒருவர்கூடக் குருவாக முடியாது என்ற நடைமுறைத் தேவையே அதற்குக் காரணம்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறுவிதமாகச் சிக்கலாகியிருந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு வழிவந்த லுத்தரன் மிஷனரிகள், 1733இல் ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். புராட்டஸ்டன்டு சபைகளில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் குருப்பட்டம் அதுவே. அங்கே பேராயர் என்று யாரும் இல்லை. கூடியிருந்த குருமார் கைவைத்துப் பட்டம் கொடுத்தார்கள். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலிச் சபைகளுக்கு நெடுங்காலம் பணம் அனுப்பியதோ எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கன் சங்கம். பேராயர் கைவைக்காத குருப்பட்டம் செல்லாது என்பது இங்கிலாந்தில் அந்தத் திருச்சபை விடாமல் பிடித்துவந்த விதி. அதே திருச்சபையின் அங்கத்தினர், ஆங்கிலிக்கன் பேராயர் யாரிடமும் பட்டம் பெறாத ஸ்வார்ட்ஸ் போன்ற ஜெர்மானிய ஐயர்மாருக்குப் பணம் கொடுத்தார்கள். அவர்கள் நடத்திய ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் ஏற்றுக்கொண்டார்கள். கொள்கை ஒரு பக்கம், காவிரிக்கரையின் உண்மை நிலை மறு பக்கம் என்றே அரை நூற்றாண்டுக்கு மேல் காரியம் நடந்தது.

1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கல்கத்தாவுக்கு ஒரு பேராயரை அனுமதித்தது. 1814 நவம்பரில் வந்து இறங்கிய மிடில்டனின் ஆளுகைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதும் அடங்கியது. 1817இல் இலங்கையும் சேர்ந்தது. இவ்வளவு பரந்த மண்டலம் இருந்தும் இந்தியர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தமக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை என்றே அவர் கருதினார். குருப்பட்டம் பெறுகிறவர் இங்கிலாந்து அரசருக்கு உண்மையாயிருப்பதாகப் பிரமாணம் செய்ய வேண்டும். அரசரின் குடிமகனாக இல்லாதவர் அதை எப்படிச் செய்வார்? 1816இல் தெற்கே பயணம் செய்து தஞ்சாவூரில் சரபோஜி மன்னரையும் சந்தித்துத் திரும்பிய மிடில்டன், உள்ளூர்க் குருக்கள் இல்லாமல் இந்தச் சபைகள் நிலைக்காது என்பதை உணர்ந்திருந்தார். அதிகாரம் வரும் வரை காத்திராமல் கல்லூரியைத் தொடங்கினார். நடுவதற்கு வயல் கிடைக்குமா என்று தெரியாமலே நாற்றங்கால் போட்டார் என்று சொல்லலாம். பட்டம் கொடுக்கும் அதிகாரம் வருவதைக் காணாமலே 1822 ஜூலையில் அவர் காலமானார்.

அடிக்கல் 1820 டிசம்பர் 15 அன்று நாட்டப்பட்டது. 1787இல் அமைந்த தாவரவியல் பூங்காவின் ஓரத்தில் 62 பிகா நிலத்தைக் கம்பெனி அரசு கொடுத்தது. எஸ்.பி.ஜி., எஸ்.பி.சி.கே., சி.எம்.எஸ். ஆகிய சங்கங்கள் ஒவ்வொன்றும் 5,000 பவுன் தந்தன. கட்டடப் பணியை ஏற்றவர் ஹவுராவில் தொழில் நடத்திவந்த வில்லியம் ஜோன்ஸ். வடமொழி ஆய்வாளரான ஜோன்ஸ் வேறு, இவர் வேறு. கல்லூரியின் நோக்கங்கள் நான்கு: இந்தியக் கிறிஸ்தவ இளைஞர்களைப் போதகர், உபதேசியார், ஆசிரியர்களாகப் பயிற்றுவிப்பது, இந்து, முஸ்லிம் மாணவர்களுக்கு ஆங்கிலமும் பொதுக்கல்வியும் கொடுப்பது, வேதாகமத்தையும் வழிபாட்டு நூல்களையும் மொழிபெயர்ப்பது, இங்கிலாந்திலிருந்து வரும் மிஷனரிகள் இறங்கியதும் தங்கி மொழி கற்க இடமளிப்பது. முதல் முதல்வர் வில்லியம் ஹாட்ஜ் மில், கிறிஸ்துவின் வாழ்க்கையை ‘கிறிஸ்த சங்கீதா’ என்ற வடமொழிக் காவியமாக எழுதினார். ஹவுராக் கரையைத் தேர்ந்தது நகரச் சந்தடிக்கு அப்பால் அமைதி வேண்டும் என்பதற்காக. அந்த அமைதிக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1874இல் மிதவைப் பாலம் வரும் வரை கல்கத்தாவுக்குப் போய்வர ஒவ்வொரு முறையும் படகைத்தான் நம்ப வேண்டும்.

1823இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தம் மண்டலத்துக்குள் மட்டும் பணியாற்றுவதற்காக, வழக்கமான பிரமாணங்கள் இல்லாமலே கல்கத்தாப் பேராயர் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று ஆயிற்று. அதன் பயனை முதலில் பெற்றவர் வங்காளி அல்லர். ஸ்வார்ட்ஸ் ஐயரின் சீடரான கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழர். யாழ்ப்பாணத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராக உழைத்த அவரை 1824இல் கல்கத்தாவுக்கு வரவழைத்துத் தேர்வு செய்து, இரண்டாம் பேராயர் ரெஜினால்டு ஹீபர் பட்டம் கொடுத்தார். கல்லூரியில் படித்து முடித்து அவர் குருவாகவில்லை. இருபது ஆண்டு ஊழியம் செய்து முடித்த ஒருவரின் தகுதியைச் சட்டம் பின்னால் ஓடிவந்து ஒப்புக்கொண்டது. திருச்சபை அமைப்புகளின் வரலாற்றில் இந்த வரிசை முக்கியமானது: முதலில் ஆள், பிறகுதான் சட்டம். ஹீபர் 1826இல் தெற்கே வந்து, தஞ்சாவூரில் ஈஸ்டர் திருநாளைக் கொண்டாடி, தமிழிலேயே ஆசீர் கூறினார். ஏப்ரல் 3 அன்று திருச்சிராப்பள்ளியில் குளித்துக்கொண்டிருந்தபோது உயிர் பிரிந்தது. அங்குள்ள புனித யோவான் ஆலயத்தில் அடக்கமானார்.

அந்தப் பயணத்தில் அவர் கண்ட பெரிய சிக்கல் சாதி. தஞ்சாவூர் ஆலயங்களில் சாதிவாரியாக இருக்கை. திருவிருந்தை யார் முதலில் வாங்குவது என்பதிலும் வரிசை. ஹீபர் தீர விசாரிக்கச் சொன்னாரே தவிரத் தடை போடவில்லை. 1832இல் வந்த பேராயர் டேனியல் வில்சன் மறு ஆண்டே, சாதி வேறுபாடு உடனடியாக, மிச்சமின்றி ஒழிய வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்குச் சுற்றுக்கடிதம் விடுத்தார். வேதநாயக சாஸ்திரியார் உள்ளிட்ட தஞ்சைக் கிறிஸ்தவர் பலர் எதிர்த்து நின்றார்கள். நியாயம் வில்சன் பக்கம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரே கிண்ணத்தைப் பகிர மறுப்பவர் திருவிருந்து என்ற சொல்லையே பொருளற்றதாக்குகிறார். ஆனால் கட்டளை ஒன்று, நடந்தது வேறொன்று. எதிர்த்தவர்களில் பலர், 1840க்குப் பின் சாதி விஷயத்தில் இளக்கம் காட்டிய லைப்சிக் லுத்தரன் மிஷனோடு சேர்ந்துகொண்டார்கள். கல்கத்தாவிலிருந்து எழுதும் விதி தஞ்சாவூரில் எப்படி நடக்கும் என்பதைத் தஞ்சாவூரே தீர்மானித்தது. சபையார் பேராயரை வழிநடத்தியது எல்லா வேளையும் நன்மைக்காக அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிப்பூருக்குள் அதே கேள்வி நிறவேற்றுமையாக வந்தது. 1843இல் ஞானஸ்நானம் பெற்ற மைக்கேல் மதுசூதன் தத்தர் மறு ஆண்டு கல்லூரியில் சேர்ந்து கிரேக்கமும் லத்தீனும் வடமொழியும் கற்றார். ஐரோப்பிய மாணவருக்குக் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும். இந்தியருக்கு வேறு உடை. கல்லூரியின் பொது உடையைக் கொடுங்கள், இல்லையேல் என் நாட்டு உடையை உடுத்திக்கொள்கிறேன் என்று வாதிட்ட தத்தர், பளிச்சென்ற நிறங்களில் தலைப்பாகையும் சால்வையுமாக வந்து நின்றார். கல்லூரி இறங்கிவந்து, மற்றவர் அணிந்த அங்கியை அவருக்கும் அனுமதித்தது. துணி விஷயம்தானே என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. உடை குருத்துவத்தின் வெளி அடையாளம். இரண்டு நிற அங்கி என்றால் குருப்பட்டமும் இரண்டு தரம் என்றாகிவிடும். தந்தை பணம் அனுப்புவதை நிறுத்தியதும் தத்தர் கல்லூரியை விட்டுச் சென்னைக்கு வந்தார். ஆசிரியராக வேலை பார்த்தபடி 1849இல் முதல் ஆங்கிலக் கவிதை நூலை வெளியிட்டார். கல்லூரி இழந்த குரு, வங்காள இலக்கியத்தின் பெருங்கவியானார்.

இவ்வளவும் சில தனி மனிதரின் கதைதானே, கல்லூரி தோல்விதானே என்று கேட்கலாம். செலவோடு ஒப்பிட்டால் பட்டம் பெற்றவர் தொகை குறைவு, மறுப்பதற்கில்லை. ஆனால் சேர்ந்தவர்கள் யார் என்று பாருங்கள்: வங்காளிகளோடு மெஸ்ரோப் தகியாதியன் போன்ற ஆர்மேனியர்களும் ஒரே கூரையின் கீழ் படித்தார்கள். ஆற்றின் அதே கரையில் வடக்கே உள்ள செராம்பூரில் பாப்டிஸ்டு மிஷனரி கேரியும் தோழர்களும் 1818இலேயே கல்லூரி தொடங்கி, உள்ளூர்ப் போதகர்களை முன்பே ஊழியத்தில் இறக்கிவிட்டார்களே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். அது உண்மை. பாப்டிஸ்டுகளுக்குப் பேராயரும் இல்லை, அரசப் பிரமாணமும் இல்லை. அவர்கள் தாண்ட வேண்டிய வேலியே கிடையாது. விதிகளால் மிக இறுகக் கட்டப்பட்ட திருச்சபை எப்படித் தன் விதியைத் தளர்த்தியது என்பதே இங்குள்ள கேள்வி. அதற்குச் செராம்பூர் விடை தராது. கம்பெனி நிலத்தில் எழுந்த கல்லூரி ஆட்சியின் கருவி அல்லவா என்று கேட்பவருக்குக் கிருஷ்ண மோகன் பானர்ஜியின் வாழ்க்கையே பதில். 1832இல் கிறிஸ்தவரான அவர் இங்கே படித்துக் குருவானார். 1852 முதல் இங்கேயே பேராசிரியர். 1875இல் வெளிவந்த ‘ஆரிய சாட்சி’யில் வேதங்களின் பலிக் கோட்பாட்டிலிருந்து கிறிஸ்துவுக்கு வழி தேடினார். ஆட்சிக்கு வேண்டிய கருவியாக மட்டும் வார்க்கப்பட்டவரிடமிருந்து அந்தச் சிந்தனை வந்திராது.

1880இல் கல்லூரி கல்கத்தாவுக்குப் பெயர்ந்தது. இன்றும் ஆசாரிய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில், செராம்பூர் செனட்டின் கீழ் இறையியல் கற்பிக்கிறது. சிப்பூர் வளாகத்துக்கு அதே ஆண்டு அரசுப் பொறியியல் கல்லூரி வந்தது. இன்று அது இந்தியப் பொறியியல் அறிவியல் தொழில்நுட்ப நிலையம். குருப்பட்டத்தில் தொடங்கிய மாற்றம் பேராயர் பதவியை எட்ட இன்னும் 32 ஆண்டுகள் ஆயின. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர். 1930இல் இந்தியத் திருச்சபை இங்கிலாந்தின் சட்டக் கட்டிலிருந்து விடுபட்டது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையும் 1970இல் வட இந்தியத் திருச்சபையும் உருவாகி, பேராயர் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் ஒரே அமைப்புக்குள் வந்தார்கள். தரங்கம்பாடியில் ஆரோன் காலத்தில் எழுந்த கேள்விக்கு அப்போதுதான் ஒரு விடை எழுதப்பட்டது.

கல்லூரி சிப்பூரை விட்டுப் போய் ஐந்து ஆண்டு கழித்து, 1885 மே மாதம் கிருஷ்ண மோகன் பானர்ஜி காலமானார். அவர் உடலைப் பழைய வளாகத்துக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். கல்லறை பொறியியல் மாணவர்கள் நடமாடும் அந்த வளாகத்துக்குள் இருக்கிறது.